நன்றாகச் சாப்பிடுகிறான், ஆனாலும் இளைக்கிறான்

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வீட்டுப் பூனை சின்னுவுக்கு 13 வயது. கடுவன். சின்ன வயதிலேயே கருத்தடை செய்தாகிவிட்டது. ஏழெட்டு மாதமாக வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வாந்தி எடுக்கிறான். நான்கு மாதமாகக் கழிச்சலும் சேர்ந்துகொண்டது. பசி குறையவில்லை, முன்பைவிடக் கூடியிருக்கிறது. சமையல்கட்டில் காலைச் சுற்றிக்கொண்டே நிற்கிறான். ஆனால் தடவிக் கொடுத்தால் முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது. போன வருடம் தடுப்பூசி போட்டபோது 4.6 கிலோ இருந்தவன் இப்போது 3.4 கிலோ. தண்ணீர் அதிகம் குடிக்கிறான். நடு இரவில் எழுந்து காரணமில்லாமல் கத்துகிறான்.

சைவக் குடும்பம். காலையும் மதியமும் தயிர்சாதம் அல்லது பால்சாதம், இரவில் கடையில் வாங்கும் உலர் தீனி. பக்கத்து வீட்டு அம்மா அவ்வப்போது கருவாடு போடுகிறார். உள்ளூர் கால்நடை மருத்துவர் இரண்டு முறை ஊசி போட்டார். போட்டால் மூன்று வாரம் நன்றாக இருக்கிறது, பிறகு பழையபடி. மருந்துக் கடையில் கேட்டு மெட்ரோனிடசோல் என்ற பாக்டீரியாக் கொல்லி மருந்து கொடுத்தார்கள். பூச்சி மருந்து மூன்று தடவை ஆயிற்று. விளக்கெண்ணெய், ஓமத் தண்ணீரும் பார்த்தாகிவிட்டது. பெங்களூரில் இருக்கும் மகன் ப்ரோபயாடிக் (குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா) வாங்கச் சொல்கிறார். கணவர், "வயசாயிடுச்சு, அவனைப் படுத்தாதே" என்கிறார். உறவினர் ஒருவர், "மீன் மார்க்கெட் பக்கம் விட்டுட்டா பிழைச்சுக்கும்" என்கிறார். இரண்டு மாதத்தில் மகள் பிரசவத்துக்கு வருகிறார்.

கேள்விகள் நான்கு. இது வயிற்றில் முடி சேர்வதால்தானா? கடைத்தீனியை நிறுத்திவிட்டுத் தயிர்சாதம் மட்டும் கொடுக்கலாமா? புற்றுநோயாக இருக்குமா? மகள் வரும்போது பூனை வீட்டில் இருக்கலாமா?

அம்மா, தேதி, எடை, கொடுத்த மருந்து எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறீர்கள். இதில் பாதி வேலை முடிந்தது. கடிதத்தை மட்டும் வைத்து இன்ன நோய் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பது உங்கள் குறிப்புகளிலேயே இருக்கிறது.

முதலில் உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். வயதான பூனை கொஞ்சம் இளைக்கும், தசை வற்றும், உண்மைதான். ஆனால் ஒரு வருடத்தில் 1.2 கிலோ குறைவது வயதால் மட்டும் வராது. அவன் உடம்பில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது. 60 கிலோ உள்ள ஒருவர் 15 கிலோ இழந்தால் யாரும் வயசாயிடுச்சு என்று விட்டுவிட மாட்டோம். அவனைப் படுத்த வேண்டாம் என்று அவர் நினைப்பது அன்பினால்தான். ஆனால் காரணம் தெரியாமல் மாற்றி மாற்றி மருந்து புகட்டுவதுதான் அவனுக்கு அதிகப் படுத்தல். ஒரு நாள் ஒழுங்காகச் சோதித்தால் அதில் பெரும்பகுதியை நிறுத்திவிடலாம்.

முடி மேல் பழி போட வேண்டாம்

பூனை தன்னை நக்கும்போது முடி வயிற்றுக்குள் போகத்தான் செய்யும். ஆரோக்கியமான குடலாக இருந்தால் அதில் பெரும்பகுதி மலத்தோடு வெளியேறிவிடும். எப்போதாவது ஒரு முடிச்சுருளைக் கக்கினால் கவலையில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை என்றால் அது முடிப் பிரச்சினை அல்ல. குடலின் அசைவு கெட்டிருப்பதால்தான் முடி தங்குகிறது என்பது பல சமயம் உண்மை. அதாவது, வாந்தியில் முடி இருப்பதால் முடிதான் காரணம் என்று ஆகிவிடாது.

அடுத்த முறை வாந்தி எடுக்கும்போது கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வயிறு குலுங்கி எக்கி எடுக்கிறானா, சாப்பிட்ட உடனே சிரமமில்லாமல் அப்படியே வெளியே தள்ளுகிறானா, இல்லை இருமுகிறானா என்று பார்த்தால் மருத்துவருக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பூனை இருமுவதை வாந்தி என்று நினைத்து வருபவர்கள் நிறைய.

பசியும் இளைப்பும் சேர்ந்து வந்தால்

"நல்லா சாப்பிடுது டாக்டர்" என்பதை நலமாக இருப்பதற்கான சான்றாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். 13 வயதுப் பூனை நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறது என்றால் எனக்கு முதலில் தைராய்டு ஞாபகம் வரும். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தால் உடம்பு உள்ளதையெல்லாம் எரித்துவிடும். பசி கூடும், எடை இறங்கும், வாந்தியும் கழிச்சலும் வரும், தண்ணீர் அதிகம் குடிக்கும், இரவில் கத்தும். உங்கள் கடிதத்தில் இவை எல்லாமே இருக்கின்றன. பூனைகளுக்கு இந்த நோய் வரும் என்பதே 1979-ல்தான் முறையாகப் பதிவானது. வெளிநாடுகளில் இன்று வயதான பூனைகளுக்கு அதிகம் வரும் ஹார்மோன் நோய் இதுதான். நம் ஊரில் குறைவாகத் தெரிவதற்குச் சோதித்துப் பார்க்காததும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

தைராய்டுதான் என்று இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள். சர்க்கரை நோயும் பசி, தாகம், இளைப்பு மூன்றையும் சேர்த்தே கொண்டுவரும். சிறுநீரகம் தளர்ந்தால் தாகமும் வாந்தியும் வரும், ஆனால் அதில் பசி வழக்கமாகக் குறையும். இதெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் குடலுக்கு வர வேண்டும். அங்கே முக்கியமாக இரண்டு: குடல் சுவரில் நாள்பட்ட அழற்சி, அல்லது மெதுவாக வளரும் ஒருவகை லிம்போமா, அதாவது நிணநீர் அணுக்களில் வரும் புற்றுநோய். கணையமும் சில சமயம் கூட்டுச் சேரும்.

புற்றுநோயா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கலாம், மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் மனிதர்களின் கீமோதெரபி வார்டை நினைக்க வேண்டாம். வயதான பூனைகளின் குடலில் வரும் சிறுசெல் லிம்போமா மெதுவாக நகரும் நோய். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, குளோராம்புசில் என்ற புற்றுநோய் மருந்து, இந்த இரண்டு மாத்திரைகளையும் வீட்டிலேயே கொடுக்கலாம். இந்த மருத்துவத்தில் இரண்டு வருடமும் அதற்கு மேலும் நிம்மதியாக இருந்த பூனைகள் பல உண்டு.

எந்தச் சோதனை முதலில்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை, சென்னைக்கு ஓட வேண்டியதும் இல்லை. உங்கள் மாவட்டத்திலேயே ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும் முன் தொலைபேசியில் கூப்பிட்டு, பூனைக்கு ஸ்கேன் எந்த நாளில் பார்க்கிறார்கள், தைராய்டு ரத்தப் பரிசோதனைக்கு வசதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே முடியாவிட்டால் சென்னை வேப்பேரி கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அது 1903-ல் தொடங்கிய கல்லூரி. பூனை பார்த்துப் பழகிய கைகள் அங்கே உண்டு.

முதல் சுற்றில் வேண்டியவை: எடை, கழுத்தில் சுரப்பி தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்ப்பது, பல், வயிறு, முடிந்தால் ரத்த அழுத்தம். பிறகு ரத்தத்தில் அணுக்கள், கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), கல்லீரல் என்சைம், சர்க்கரை, புரதம், மொத்த டி4 (தைராய்டு ஹார்மோனின் அளவு). கூடவே சிறுநீரின் அடர்த்தி, அதில் சர்க்கரை, ஒரு மலப் பரிசோதனை. சிறுநீரை விட்டுவிடாதீர்கள். பயத்திலேயே பூனையின் ரத்தச் சர்க்கரை ஏறிவிடும், அப்போது சிறுநீர்தான் உண்மையைச் சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. ரத்தத்தை மனிதர்களுக்கான லேபில் கொடுத்துப் பார்ப்பது நம் ஊர்களில் வழக்கம். தவறில்லை, ஆனால் தாளில் அச்சாகி வரும் "நார்மல்" அளவு மனிதருக்கானது. மனிதருக்கு டி4 டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 5 முதல் 12 மைக்ரோகிராம். பூனைக்குச் சுமார் 1 முதல் 4 தான். சின்னுவுக்கு 8 வந்தால் லேப் நார்மல் என்று அடித்துக் கொடுத்துவிடும். பூனைக்கு அது தெளிவான தைராய்டு நோய். எண்ணை மட்டும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னொரு பக்கம், டி4 மேல் எல்லையை ஒட்டி நின்றாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. வேறு நோய் கூட இருந்தால் அது இந்த எண்ணைக் கீழே இழுத்துவிடும். சில வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.

தைராய்டு என்று உறுதியானால் கார்பிமசோல் மாத்திரை இருக்கிறது. மனிதர்களுக்கான அதே மருந்துதான். அளவை மருத்துவர் சொல்லட்டும். தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் டி4-யோடு கிரியேட்டினினையும் மறுபடி பார்க்க வேண்டும். தைராய்டு வேகமாக ஓடும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் அதிகம் பாய்வதால் அதன் பலவீனம் மறைந்திருக்கும். தைராய்டு அடங்கியதும் அது வெளியே வரும். மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்று அப்போது பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

முதல் சுற்றில் விடை கிடைக்காவிட்டால் வயிற்று ஸ்கேன். கூடவே வைட்டமின் பி12 அளவு. குடலின் கடைசிப் பகுதி கெட்டால் பி12 உறிஞ்சப்படாது. அது குறைந்தால் மற்ற மருத்துவமும் சரியாக வேலை செய்யாது. தோலுக்கு அடியில் வாரம் ஒரு ஊசி என்று ஆறு வாரம் போடுவார்கள். செலவு குறைவு, வீட்டிலேயே போடக் கற்றுக்கொடுப்பார்கள்.

அழற்சியா லிம்போமாவா என்று உறுதியாகத் தெரிய குடலிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். அதற்கு மயக்கம் கொடுக்க வேண்டும். 13 வயதில், இந்த எடையில், நான் அவசரப்படுத்த மாட்டேன். ரத்தம், ஸ்கேன் பார்த்து, உணவு மாற்றிப் பார்த்து, அப்புறம் நேரடியாக பிரெட்னிசோலோன் தொடங்குவதும் ஏற்கத்தக்க வழிதான். இதில் இழப்பு என்ன என்பதும் தெரிந்திருக்க வேண்டும்: ஸ்டீராய்டு தொடங்கிய பிறகு துணுக்கெடுத்தால் விடை மங்கலாக வரும். சர்க்கரை நோய் தலைகாட்டலாம், இதய நோய் மறைந்திருந்தால் மோசமாகலாம்.

இதனால்தான் அந்த இரண்டு ஊசிகள் என்ன என்பது முக்கியம். மூன்று வாரம் நன்றாக இருந்து மறுபடி வருவதைப் பார்த்தால் நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டோ என்று சந்தேகிக்கிறேன். உங்கள் மருத்துவரைக் குற்றம் சொல்லவில்லை. ஒரே ஆளாக மாடு, ஆடு, கோழி, பூனை அனைத்தையும் பார்ப்பவர் அவர். மருந்தின் பெயரையும் தேதியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மருத்துவரிடம் போகும்போது முதலில் கேட்கப்படுவது அதுதான். அதுவரை மூன்றாவது ஊசி வேண்டாம்.

தயிர்சாதம் பற்றி

கடைத்தீனியை நிறுத்திவிட்டுத் தயிர்சாதம் மட்டும் என்ற உங்கள் யோசனைக்குத் தெளிவாக, வேண்டாம் என்கிறேன். இத்தனை வருடம் சின்னுவைக் காப்பாற்றியதே அந்த இரவுத் தீனியாகத்தான் இருக்கும். பூனை முழு மாமிச உண்ணி. டாரின் என்ற அமினோ அமிலத்தை அதன் உடம்பால் போதுமான அளவு தயாரிக்க முடியாது, மாமிசத்திலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளரும். டாரின் குறைவுக்கும் பூனைகளின் இதய நோய்க்கும் உள்ள தொடர்பு 1987-ல் வெளியானது. அதற்குப் பிறகுதான் தீனி தயாரிப்பவர்கள் டாரினைக் கூட்டினார்கள். அரிசியில் அது இல்லை, பால், தயிரில் இருப்பது போதாது. வளர்ந்த பூனைக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிப்பதும் கஷ்டம். கழிச்சல் உள்ள பூனைக்குப் பால்சாதம் இன்றோடு நிற்கட்டும்.

உங்கள் வீட்டில் மாமிசம் நுழையாது என்று எழுதியிருந்தீர்கள். அது உங்கள் வழக்கம், மதிக்கிறேன். பாக்கெட்டில் வரும் ஈரத் தீனியைக் கொல்லைப்புறத்தில் தனித் தட்டில் வைத்து, தனியாகக் கழுவும் சைவ வீடுகள் எத்தனையோ உண்டு. கோழியைத் தினமும் வேகவைத்துப் போட வேண்டிய அவசியமும் இல்லை. வெறும் கோழியை மட்டும் மாதக்கணக்கில் போட்டால் கால்சியம் முதலான சத்துகள் விட்டுப்போகும்.

சோதனை முடிவுகள் வந்து, குடல்தான் பிரச்சினை என்று தெரிந்தால் உணவுப் பரீட்சை செய்யலாம். புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்த மருத்துவத் தீனி, அல்லது அவன் இதுவரை சாப்பிடாத ஒரு மாமிசத்தில் செய்த முழு உணவு. ஒரு வாரம் பத்து நாளில் மெதுவாக மாற்றி, அதன் பிறகு மூன்று வாரம் அது மட்டும். உணவு ஒவ்வாமையாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு வாரத்திலேயே வயிற்றில் மாற்றம் தெரியும். இதில் நடுவே ஒரு கருவாட்டுத் துண்டு விழுந்தாலும் பரீட்சை வீண். பக்கத்து வீட்டு அம்மாவிடம் நீங்கள் பேசியே ஆக வேண்டும். மருத்துவமனைப் பயணத்தைவிட இது உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று தெரிகிறது. "டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டார்" என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

எடையை வாரம் ஒருமுறை பாருங்கள். நாம் ஏறி நிற்கும் தராசு நூறு இருநூறு கிராம் மாற்றத்தைக் காட்டாது. பயணப் பையைத் தொங்கவிட்டுப் பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசில் கூடையோடு நிறுத்துக் கூடையின் எடையைக் கழித்தால் போதும்.

வீட்டு வைத்தியத்தில் நிறுத்த வேண்டியவை

விளக்கெண்ணெயை வாயில் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரும். ஓமம் போன்ற கார எண்ணெய்ச் சரக்குகளை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. மெட்ரோனிடசோல் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழிக்கும், காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பக் கொடுக்கும் மருந்தல்ல அது. பூச்சி மருந்தும் மூன்று தடவை போதும், இனி மலப் பரிசோதனை பார்த்துத்தான். மகன் சொல்லும் ப்ரோபயாடிக்கால் கெடுதல் இல்லை, கொஞ்சம் உதவலாம். அதை மருத்துவமாக எண்ணிச் சோதனையைத் தள்ளிப்போடாதவரை சரி.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: பாராசிட்டமால். காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று கால் மாத்திரை கொடுத்தால்கூடப் பூனை செத்துப்போகலாம். சாதத்தில் வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பும் கூடாது, அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

சில அறிகுறிகளுக்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. முழுதாக ஒரு நாளுக்கு மேல் எதுவும் சாப்பிடாமல் இருப்பது (பட்டினி கிடக்கும் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து அதுவே தனி நோயாகிவிடும்), வாந்தியில் ரத்தம், கறுத்த மலம், ஈறு மஞ்சளாவது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது. கடுவன் என்பதால் இன்னொன்று. மலம், சிறுநீர் கழிக்க வைத்திருக்கும் மண் தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்து எதுவும் வரவில்லை என்றால் மலச்சிக்கல் என்று நினைக்காதீர்கள், சிறுநீர் அடைத்திருக்கலாம். அதில் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். உண்மையிலேயே மலச்சிக்கல் என்றாலும் மருந்துக் கடையில் விற்கும் பாஸ்பேட் எனிமாவைப் பூனைக்குப் போடவே கூடாது.

மீன் மார்க்கெட் யோசனைக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. 13 வருடம் வீட்டில் வளர்ந்த, நோயுள்ள பூனை அங்கே பிழைக்காது. பட்டினியிலும் தாகத்திலும் தவிக்கும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில் குற்றமும்கூட. உறவினரிடம் இதைச் சொல்லலாம். எல்லாம் செய்து பார்த்தும் முடியாத நிலை வந்தால், தினமும் காலண்டரில் நல்ல நாள், கெட்ட நாள் என்று குறித்து வாருங்கள். சாப்பிட்டானா, தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொண்டானா, உங்களிடம் வந்தானா, இவ்வளவு போதும். கெட்ட நாட்கள் கூடிக்கொண்டே போனால் வலியில்லாமல் அனுப்பி வைப்பது பற்றி மருத்துவரோடு பேசலாம். இப்போது, பசியோடு காலைச் சுற்றி வருகிறவனுக்கு அந்தப் பேச்சு தேவையில்லை.

மகள் வரும்போது

பூனையை அனுப்ப வேண்டாம். வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமியைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பூனை பெரும்பாலும் முதல் முறை தொற்றும்போது மட்டும், அதுவும் ஒன்று முதல் மூன்று வாரம் வரை, அதன் முட்டைகளை மலத்தில் விடும். வெளிவந்த முட்டை தொற்றும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாளாகும். ஆகவே மண் தட்டைத் தினமும் சுத்தம் செய்துவிட்டால் ஆபத்து மிகவும் குறைவு. அந்த வேலையை நீங்களோ உங்கள் கணவரோ கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், மகள் தொட வேண்டாம். கழுவாத கீரை, தோட்டத்து மண், சரியாக வேகாத இறைச்சி இவற்றின் வழியாகவும் இந்தக் கிருமி வரும், அங்கேயும் அதே கவனம் வேண்டும். மகளின் மகப்பேறு மருத்துவரிடம் வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லிவிடுங்கள், தேவை என்று நினைத்தால் அவர் ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார். பூனை முடியால் டிப்தீரியா வரும் என்று யாராவது கிளப்பினால், அது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் பாக்டீரியா நோய் என்று சொல்லுங்கள். குழந்தைக்கு உரிய காலத்தில் தடுப்பூசி போட்டால் போதும்.

ஒருவேளை சின்னுவுக்குக் குளோராம்புசில் தொடங்க வேண்டி வந்தால் மட்டும் கூடுதல் கவனம். அந்த மாத்திரையை மகள் கையால் தொடக் கூடாது, உடைக்கவும் பொடிக்கவும் கூடாது. மருந்து கொடுக்கும் காலத்தில் அவன் மலம், சிறுநீர், வாந்தியைக் கையுறை இல்லாமல் யாரும் துடைக்கக் கூடாது.